பக்கவாசல்காரர்கள்

அந்தத் தியேட்டருக்கு மூன்று வாசல்கள். மூன்றாவது வாசலை அளந்துகொண்டிருந்தபோதுதான் நான் ஒரு நாவல் எழுதப்போகிறேன் என்பது எனக்குத் தெரியவந்தது. கையில் லேசர் மீட்டர், தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் அளவுக்குப் பெரிய சேஃப்டி ஷூ. சரித்திர நாவல் எழுத வருகிற ஆள் மாதிரி நான் துளியும் இல்லை.

நான் திருச்சியில் சிவில் படித்துவிட்டு துபாய்க்கு வந்தவள். பழைய கட்டடங்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று பெரியவர்கள் முடிவு செய்வதற்கு முன்னால் யாராவது போய் செங்கல் செங்கலாக அளந்து வரைபடம் போடவேண்டும். அந்த யாராவது நான்தான். அப்படித்தான் வளைகுடாவின் இன்னொரு நாட்டுக்கு, ஒரு காலத்தில் எண்ணெய்க் கம்பெனி ஒன்று தன் ஆட்களுக்காகக் கட்டிய பழைய ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே பூட்டிக் கிடந்த சினிமா கொட்டகையை அளக்கவேண்டும்.

முன்வாசல் அகலமானது. தூண்கள், மேலே வளைவு, தேய்ந்துபோன பளிங்குப் படிகள். உள்ளே மெத்தை நாற்காலிகளைப் பொருத்தியிருந்த போல்ட் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. சுவரில் குளிர்காற்று வருவதற்கான சதுரத் துளைகள். இரண்டாவது வாசல் பக்கவாட்டில், ஒருவர் பின் ஒருவராக நுழையும் அளவுக்கு. அதற்குள் மர பெஞ்சுகள் கிடந்த தடமும் கூரையில் மின்விசிறிக் கொக்கிகளும் இருந்தன. இரண்டு பகுதிகளுக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர். மூன்றாவதை வாசல் என்றே சொல்லமுடியாது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனால் மதிலில் ஒரு திறப்பு. நுழைந்தால் கூரையில்லாத முற்றம், வெறும் சிமெண்ட் தரை.

"கார் நிறுத்துற இடமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். என்னுடன் வந்திருந்தவர் அந்த நாட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். நகராட்சியின் இன்ஜினியர். காகிதக் கோப்பையில் கரக் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இதுவும் தியேட்டர்தான்" என்றார்.

திரை இருந்த இடத்தைக் காட்டினார். சுவருக்குப் பதிலாக அங்கே பெரிய இரும்புச் சட்டம்தான் இருந்தது. அதில் துணியைக் கட்டி முன்னாலிருந்து படத்தை ஓட்டுவார்களாம். துணியின் பின்பக்கமும் படம் தெரியும். ஆனால் இடமும் வலமும் மாறித் தெரியும்.

"இங்கே யார் உட்காருவாங்க?"

"லேபர்தான். என் தாத்தா இங்கேதான் உட்கார்ந்து படம் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இடது கையால்தான் சுடுவார்கள் என்று தாத்தா கல்யாணம் ஆகும்வரை நம்பிக்கொண்டிருந்தார்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்டில் இன்று யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் கோப்பில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். அவருடைய தாத்தா சொந்த மண்ணில், திரைக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்து இடம் வலம் மாறிப்போன படத்தைப் பார்த்திருக்கிறார்!

"அப்போ அந்தப் பக்கவாசல்?"

"உங்க ஆட்கள்."

"எங்க ஆட்கள்னா?"

"மெட்ராஸ்காரர்கள். கிளார்க்குகள். டைப் அடிக்கிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள். வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வருவார்களாம். தாத்தா ஒன்று சொல்வார். சில வெள்ளைக்காரர்களாவது இந்தப் பக்கம் வந்து சிகரெட் கொடுப்பார்களாம். டைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்களாம்." கோப்பையைக் கசக்கினார். "யல்லா, வாங்க, வடிகால் இன்னும் அளக்கவில்லையே."

வடிகாலை அளந்தேன். என்ன எண் வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. அன்று எழுதியதை மறுநாள் திரும்பப் போய்ச் சரிபார்க்கவேண்டியிருந்தது. துபாய் திரும்பும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் குறட்டை விட, நான் கைப்பேசியில் முதல் அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். எதுவாக இருந்தாலும் உடனே ஆரம்பித்துவிடவேண்டும். யோசனையெல்லாம் அப்புறம்.

என் கதாநாயகன் திரைக்குப் பின்னால் உட்காரும் கூலியாள். அவனோடு ஓர் அரபு மீனவன், ஓர் ஈரானியன், ஒரு பலூச்சி. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார்கள். எல்லாரும் அன்பானவர்கள். முன்வாசல் துரைமார் எல்லாரும் கொடியவர்கள். பக்கவாசல்காரர்கள் என் கதையில் இரண்டு வரி வந்துவிட்டுப் போனார்கள். டை கட்டியிருந்தார்கள் என்பது தவிர அவர்களைப் பற்றி எழுத எனக்கு எதுவும் தோன்றவில்லை. அது ஏன் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

எழுத எழுத அதை சனிக்கிழமைகளில் பர் துபாயில் ஓர் ஆன்ட்டியின் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அவர் மதுரைக்காரர். கணவர் வங்கியில் பெரிய வேலையில் இருக்கிறார். என் வயதளவு காலமாக இங்கேயே இருக்கிறார்கள். தமிழ்ப் புத்தகம் படிக்கிற ஏழெட்டுப் பேர் அவர் வீட்டு ஹாலில் கூடுவோம். ஆன்ட்டி கேசரியோ சுண்டலோ செய்து வைத்திருப்பார். நான் எழுதியதை முதலில் நாவல் என்று அழைத்தவரே அவர்தான். அதற்கு முன்னால் நானே அதை "ஏதோ கிறுக்கல்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தியேட்டர் அத்தியாயத்தை வாசித்த அன்று ஆன்ட்டி அழுதார். சும்மா கண் கலங்கவில்லை, மூக்கைச் சிந்தி அழுதார்.

"நம்ம ஜனங்கள எப்படியெல்லாம் நடத்தியிருக்கானுங்க பாருங்க. படத்தைக் கூட நேரா பாக்கவிடலையே!"

"நம்ம ஜனங்க பின்னாடி இல்ல ஆன்ட்டி. பக்கவாசல்ல இருந்தாங்க. பெஞ்சு, ஃபேன் எல்லாம் உண்டு."

"அதுவும் பக்கந்தானேம்மா? முன்னாடி விடலையில்ல?" என்றார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு மாமா, "பெஞ்சுல மூட்டைப்பூச்சி கடிச்சிருக்கும், அதையும் சேத்துக்கோ" என்றார். சிரித்தோம். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். ஒருத்தரை அழவைத்துவிட்டேனே!

என் சிநேகிதியை இங்கே சொல்லவேண்டும். அவள் இலங்கையின் மலையகத்துக்காரி. ஹட்டன் பக்கம். கராமாவில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். கடைவாய்ப்பல் பிடுங்கப் போனபோது பழக்கமானவள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரனோடு எனக்காகப் போனில் சண்டை போட்டாள். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு நான் முனகியது முழுக்க அவளுக்கு மட்டும் புரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் அல் குசைஸ் கஃபடேரியாவில் பரோட்டா சாப்பிடுகிற சிநேகிதிகள். பல் மருத்துவ உதவியாளர் ஆவதற்கான மாலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டால் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து உள்ளறைக்குப் போய்விடலாம். "அப்புறம் ஒன் வாயில நானே கைய வைப்பேன்" என்பாள்.

ஒரு நாள் கஃபடேரியாவில் பரோட்டாவைப் பிய்க்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டாஃப் ஃபிளாட்ட மூடுறாங்களாம்டி. மாசக் கடைசியில எங்களையெல்லாம் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா அக்கமடேஷனுக்கு மாத்துறாங்க. இல்லாட்டி சொந்தமா ரூம் பாத்துக்கணும்."

"போனா என்ன?"

"டியூட்டி முடிஞ்ச ஒடனே கம்பெனி பஸ் எடுத்துருவான். அதுல ஏறலைன்னா அங்க போய்ச் சேர வழி கெடையாது. அப்புறம் எங்கேருந்து கிளாஸுக்குப் போறது? கிளாஸ் போச்சுன்னா பரீட்சையும் போச்சு."

நான் கட்டில் வாடகைக்கு இருந்த அறையில் இடமில்லை. காலியாகப்போகும் ஒரே கட்டிலுக்கும் உடனிருக்கும் அக்கா தன் தங்கையைச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் நான் துளியும் கவலைப்படவில்லை. என்னிடம்தான் ஆன்ட்டி இருக்கிறாரே! அவருடைய மகன் கனடாவுக்குப் படிக்கப் போய்விட்டான். அறை காலியாக இருக்கிறது, "நல்ல பொண்ணா யாராச்சும் இருந்தா சொல்லு, வீட்டுல ஒரு சத்தம் இருக்கும்" என்று அவரே ஒருநாள் சொல்லியிருந்தார். அங்கிருந்து அவளுடைய வகுப்பு நடந்துபோகிற தூரம். உடனே போன் போட்டேன்.

"ஸ்ரீலங்கா பொண்ணா? அடடா, தாராளமா கூட்டிட்டு வா. அவங்க தமிழக் கேட்டாலே காதுக்கு இனிமையா இருக்கும். கதைக்கிறது, பறைஞ்சதுன்னு! எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆச்சு."

சனிக்கிழமை மத்தியானம் அவளை அழைத்துக்கொண்டு போனேன். புதிதாகத் தைத்த சுடிதார் போட்டிருந்தாள். வழியில் மீனா பஜாரில் நிறுத்தி ஆன்ட்டிக்கு மல்லிகைப்பூ வாங்கினாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

ஆன்ட்டி கதவைத் திறந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பூவை வாங்கி முகர்ந்தார். "வா, முதல்ல ரூமைப் பாத்துரு. ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா வரும்" என்று நடந்தார். மகனின் அறைக் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டார்.

"ரொம்ப பெரிய ஒதவிங்க ஆன்ட்டி. நான் காலையில போனா ராத்திரிதான் வருவேன். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காதுங்க" என்றாள் என் சிநேகிதி.

ஆன்ட்டியின் கை பிடியிலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கு? சிலோன்னு சொன்னாளே?"

"ஆமாங்க, ஹட்டன் பக்கம்."

"ஹட்டன்னா... யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துலயா?"

"இல்லங்க ஆன்ட்டி, மலையகம். அப்பா அம்மா தோட்டத்துல வேலை. தேயிலை."

"ஓ" என்றார் ஆன்ட்டி. கை பிடியை விட்டது. "ரூமு கொஞ்சம் கலைஞ்சு கிடக்கும்மா. ஹால்ல உக்காந்து பேசுவோம், வாங்க."

அப்போது எனக்கு எதுவும் புரியவில்லை. அறை கலைந்துதான் கிடக்கிறது போல என்று நினைத்தேன். ஹாலில் உட்கார்ந்தோம். ஆன்ட்டி விசாரிக்க ஆரம்பித்தார். நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் விசாரிப்பதுதான், நானும் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தியாவுல உங்க பூர்வீகம் எந்த ஊரும்மா?"

"தெரியாதுங்க. தாத்தாவோட தாத்தா காலத்துல போனதாம். திருச்சி சேலம் பக்கம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க."

"வீட்டுல சொல்லியிருப்பாங்களே. சரி, குலதெய்வம் எது?"

"எங்க எஸ்டேட்டுல ரோதமுனிங்க ஆன்ட்டி."

"என்ன முனி?"

"ரோதமுனி. தேயிலை ஃபேக்டரியில பெரிய ரோதை சுத்துமில்லங்க, சக்கரம். அதுக்குக் காவல் சாமி. மெஷின் யாரு கையையும் இழுத்துரக் கூடாதுன்னு கும்பிடுவாங்க."

ஆன்ட்டிக்குத் தெரிந்த கணக்கில் எந்தச் சாமி எந்தச் சாதிக்கு என்று இருந்தது. மெஷினுக்குக் காவல் இருக்கும் சாமி அந்தக் கணக்கில் இல்லை. ஒரு நிமிடம் அவர் தடுமாறியதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சிநேகிதி சிரிக்கவில்லை. அவளுக்கு முதல் கேள்வியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

"ஒண்ணு பண்ணலாம்மா" என்றார் ஆன்ட்டி, நல்ல யோசனை கிடைத்துவிட்ட சந்தோஷத்தோடு. "பையன் லீவுக்கு வந்தாலும் வருவான், அந்த ரூம் வேணாம். கிச்சன் பக்கத்துல மெய்டு ரூம் இருக்கு. நல்லா க்ளீனாத்தான் இருக்கும். பாத்ரூம் தனி. நீ வாடகைகூடத் தரவேணாம். காலைல போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கூடமாட ஒத்தாசையா இருந்தாப் போதும். பாத்திரம், துணி மடிக்கிறதுன்னு. உனக்கும் மிச்சம், எனக்கும் சௌகரியம். என்ன சொல்றே?"

என் சிநேகிதியைப் பார்த்தேன். கிளினிக்கின் பெயர் தைத்த பையை மடியில் வைத்திருக்கிறாள். அதில் பல் வரிசை படம் போட்ட பாடப்புத்தகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆன்ட்டியின் முகத்தில் கொஞ்சம்கூடக் கெட்ட எண்ணமில்லை. இதை எப்படிச் சொல்வது! முழுமனதோடு ஓர் உதவி செய்கிற முகம் அது. திட்டியிருந்தால்கூட எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேங்க ஆன்ட்டி" என்று எழுந்தாள் அவள்.

நான் வாயைத் திறந்தேன். "ஆன்ட்டி, அவ ரூமுக்குத்தான் வந்தா, வேலைக்கு வரல."

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலையேம்மா. சும்மா குடுக்குறேன்னுதானே சொன்னேன்?" அவருக்கு உண்மையாகவே வருத்தம். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது என் தோளைத் தொட்டார். "அடுத்த சாப்டர் எப்ப வாசிக்கிறே? அந்த ஈரானியனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தூக்கமே வரல."

லிஃப்டில் இறங்கும்போது என் சிநேகிதி கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தாள். "மல்லிகப்பூவாச்சும் திருப்பித் தந்துருக்கலாம். நல்ல பூவு" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "உனக்குக் கோபம் வரலையா?"

"எதுக்கு? புதுசா நடந்தாத்தானே வரும்? ஒனக்குத்தான் இது புதுசு. செலை மாதிரி நிக்கிற." பிறகு, "மாசக் கடைசி வருதுடி. கோபத்த அப்புறம் வச்சுக்குவோம். வேற எடம் பாரு" என்றாள்.

வேறு இடம் பார்த்தேன். அலுவலகத்தில் வரைபடம் போடுகிற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், எப்போதும் வேடிக்கையாகப் பேசுவார். அவர் வீட்டிலும் ஓர் அறையை வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இந்த முறை முன்யோசனையோடு எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னேன். மலையகம், ஹட்டன், தோட்டம். சொல்லி முடித்ததும் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சுட்டியை இங்குமங்கும் நகர்த்தினார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. எனக்கெண்டா ஒண்டுமில்லை. மனிசிதான்... அவ கொஞ்சம் பழைய ஆள்."

"அக்காவுக்கு என்னவிட ரெண்டு வயசுதானே அண்ணா கூட?"

"வயசில்லை பிள்ளை, வளர்ப்பு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீர் உம்மட நாவலில என்னைப் போட்டிடாதேயும், சரியோ?"

சூப்பர்மார்க்கெட் வாசல்களில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளை அந்த வாரம்தான் நின்று படித்தேன். தினமும் அதைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தேன். கட்டில் காலி: மலையாளிகளுக்கு மட்டும். கட்டில் காலி: பிலிப்பினோக்கள் மட்டும். தென்னிந்திய சைவக் குடும்பம், அதே மாதிரிப் பெண் தேவை. இன்ன இன்ன நாட்டார் அழைக்கவேண்டாம். கிழித்துக்கொண்டு போக வசதியாகக் கீழே போன் நம்பரை விசிறி மாதிரி வெட்டிவிட்டிருந்தார்கள். எண்ணெய்க் கம்பெனிக்காரன் இடுப்பளவுச் சுவர் கட்டுவதற்குச் செங்கல் வாங்கவேண்டியிருந்தது. இங்கே எல்லாம் ஒரு காகிதத்தில் முடிந்துவிடுகிறது. கண்ணாடிக் கதவைத் திறந்து திறந்து ஆட்கள் பால் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் அங்கே நின்று வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கடைக்கார பாய், "ரூம் வேணுமா?" என்று வெளியே வந்து ஹிந்தியில் கேட்டார்.

மாசக் கடைசிக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது நான் என் வழக்கப்படி, யோசிக்காமல் ஒன்றைச் செய்தேன். என் கட்டிலையும் அக்காவின் சொந்தக்காரர் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, அல் குசைஸில் ஒரு ஸ்டூடியோ ஃபிளாட்டை என் பெயரில் எடுத்தேன். ஒரே அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. என் சிநேகிதி சாமானோடு வந்து இறங்கினாள். வகுப்புக்கு மெட்ரோவில் போய்விடலாம். அவள் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "கிளாஸ் தப்பிச்சிருச்சுடி" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். அதுவரை ஒரு தடவைகூடக் கலங்காதவள் அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த வாடகைக்கு இரண்டு பேர் சம்பளம் தாங்காது. மூன்றாவது ஆள் இல்லாமல் அடுத்த மாதம் தாண்டமுடியாது. நாமும் ஒரு சீட்டு ஒட்டுவோம் என்றேன். அவள் கைப்பேசியில் தட்டச்சு செய்து என்னிடம் நீட்டினாள். 'கட்டில் காலி. தமிழ்ப் பெண்கள் மட்டும்.'

"ஏன் தமிழ் மட்டும்?"

"பேச்சு ஒத்துப்போகுமில்ல."

"நமக்குத்தான் இங்கிலீஷ் வருமே. ஹிந்தி வருமே."

"அப்ப இந்தியா, ஸ்ரீலங்கான்னு போடுறேன். ஆப்பிரிக்காக்காரிங்க மட்டும் வேணாம்டி."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"ஏன்?"

"ஏன்னா? சத்தம் ஜாஸ்தி. சமையல் வேற மாதிரி. எங்க ஸ்டாஃப் ஃபிளாட்டுல சொல்லுவாங்க."

"நீ யார் கூடயாவது இருந்திருக்கியா?"

"இல்ல. சொல்லுவாங்க. ஒரே பாத்ரூம்டி இங்க."

எனக்கு வார்த்தை தடித்துவிட்டது. "ஆன்ட்டியும் உன்னப் பாத்து இப்படித்தானே நெனச்சிருப்பாங்க?"

அவள் கைப்பேசியை மெதுவாகக் கீழே வைத்தாள். "என்னையும் அந்த அம்மாவையும் ஒண்ணாக்குறியா? அவங்க என்னைய பாத்திரம் கழுவச் சொன்னாங்க. நான் யாரையும் கழுவச் சொல்லல. ஒன் கதையில வர்ற கூலிக்காரன் மாதிரி நான் இருக்கணுமா ஒனக்கு? அடிபட்டவன்னா அவன் நெஞ்சுக்குள்ள தேனு வழியணுமா?" என்று சொல்லிவிட்டு பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையல் மேடைப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒரே அறையில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது பெரிய கஷ்டம். ஃபிரிட்ஜைத் திறக்கக்கூட அவளைத் தாண்டவேண்டும்.

மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து குரல்செய்தி அனுப்பியிருந்தாள். நான் சைட்டில் ஏணி மேல் நின்றுகொண்டு கேட்டேன்.

"கேளு. எங்க தோட்டத்துல லயம் இருக்குல்ல, வரிசையா ஒட்டுன வீடுங்க, அதுல மேல் லயம், கீழ் லயம்னு உண்டு. நாங்க மேல் லயம். கீழ் லயத்து ஆளுங்க வந்தா எங்கம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. தேத்தண்ணி குடுத்தா தனியா ஒரு கோப்பை. அந்தக் கோப்பை வெளியில செவுத்துலயே மாட்டிக் கெடக்கும். அதே அம்மா, கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போனா வாசல்லதான் நிப்பாங்க. ஒன் டைக்காரன் இருக்கான்ல, அவன்தான் எங்க ஊருல கணக்கப்பிள்ளை. எங்கம்மா நல்லவங்கதான்டி. ரொம்ப நல்லவங்க. அதான் எனக்கு நேத்து கோபம் வந்துச்சு. சரி, பஸ்ஸு வந்து சேந்துருச்சு, வைக்கிறேன்."

ஏணியிலிருந்து இறங்கி ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். திரைக்குப் பின்னால் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மீனவனும் ஈரானியனும் பலூச்சியும் அங்கேயே செத்துப்போனார்கள். அந்த முற்றத்தில் யார் எங்கே உட்காருவது என்று சண்டை நடந்திருக்கும். திரைக்குக் கிட்டே யார், மதிலோரம் யார், யார் குடித்த தண்ணீர்க் குவளையை யார் தொடுவது. இதையெல்லாம் அந்த இன்ஜினியரிடம் நான் கேட்கவேயில்லை. கேட்காமலேயே பாதி நாவல் எழுதிவிட்டேன்!

சாயங்காலம் அவள் வந்ததும் சீட்டை மாற்றி எழுதினோம். 'பெண்களுக்குக் கட்டில் காலி' என்பதோடு நிறுத்திவிட்டாள். வேறு நிபந்தனை இல்லாததால் காகிதத்தில் பாதி வெறுமையாக இருந்தது. "பாக்கவே ஏதோ ஏமாத்து வேலை மாதிரி இருக்கு" என்றாள். ஆனாலும் அவள்தான் போய் ஒட்டிவிட்டு வந்தாள், அவளுடைய நம்பரைப் போட்டு.

முதல் போன் உகாண்டாக்காரப் பெண்ணிடமிருந்து வந்தது. ஒரு மாலில் செக்யூரிட்டி கார்டாக இருக்கிறாளாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் சிநேகிதி கிளினிக் குரலில், சுத்தமான ஆங்கிலத்தில் வழி சொன்னாள். எதிர்முனையில் அந்தப் பெண் கேட்டது எனக்கும் கேட்டது. "சிஸ்டர், நான் ஆப்பிரிக்காக்காரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரவாயில்லையா?"

என் சிநேகிதி என்னைப் பார்த்தாள்.  அப்புறம், "வந்து பாருங்க சிஸ்டர். சனிக்கிழமை வாங்க" என்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். "ஒத்துவரலைன்னா நான் சொல்லிருவேன். அதுக்கு நீ நாவல் எழுதக்கூடாது."

ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை அவள் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று பேசி வைத்திருக்கிறோம். டியூட்டி காலையிலா ராத்திரியிலா என்று மட்டும். ஊர், சாமி, சமையல் எதையும் கேட்பதில்லை. என் சிநேகிதியால் அது முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் முடியுமா என்றும் தெரியவில்லை. மூன்று நாளாக எனக்கே நாக்கு நுனியில் பத்துக் கேள்விகள் நிற்கின்றன.

ஆன்ட்டி இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. இன்று எடுத்தேன். அடுத்த வாரம் வாசிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஈரானியன் இருக்கமாட்டான் என்று மட்டும் சொல்லவில்லை. டை கட்டிய ஒரு கிளார்க்கின் மனைவியைப் புதிதாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். ரொம்ப நல்லவள், சினிமா பார்த்தால் அழுகிறவள். அவளுடைய குவார்ட்டர்ஸில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அவளைக் கொடியவளாக்காமல், ஆன்ட்டியின் ஹாலிலேயே உட்கார்ந்து, ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அத்தியாயத்தைக் கடைசிவரை வாசித்துவிட முடிகிறதா என்று பார்க்கவேண்டும்.